ஆளிமலைத் தேரு

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் தொட்டு உருண்ட அத்தனை சக்கரங்களும் இந்த ஒரு நாளை நோக்கித்தான் உருண்டு வந்தன என்று போக்குவரத்து அமைச்சர் மேடையில் முழங்கினார். அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய கார் மலையடிவாரச் சேற்றில் பின்சக்கரம் இரண்டும் புதைந்து, வயிறு தரையில் படக் கிடந்தது. டிரைவரும் ஸ்டியரிங்கும் இல்லாமல் தானே ஓடுகிற கார் அது. சேறு என்று ஒன்று உண்டு என்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆளிமலைப் பெண்கள் நாலு பேர் பின்னால் நின்று தோள் கொடுத்துத் தள்ள, "தொன்மையான ஓர் இனத்தின் தன்மானத்தை இந்த அரசு தன் தோளில் சுமக்கிறது" என்று ஒலிபெருக்கி சொன்னது.

"யார் தோளுல?" என்று தள்ளியவர்களில் ஒருத்தி கேட்டாள். அவள் பெயர் கெம்பி. சிரிப்பு மேடை வரைக்கும் போனது.

மேடையில் அமைச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் மசணன் சிரிக்கவில்லை. ஆளிமலைத் தன்னாட்சி மன்றத்தின் போக்குவரத்துப் பொறுப்பாளர் அவர். மன்றத்துக்கு இருந்த போக்குவரத்து ஒன்பது ஜீப்புகள். அந்த ஒன்பதுக்கும் அரசாங்கம் கொடுத்த நம்பர் கிடையாது. மலை கொடுத்த நம்பர்தான். கறுப்பு மரப்பலகை, அதில் செதுக்கிய ஆளி முகம், பக்கத்தில் ஒரு எண். அந்தப் பலகையை அரசு இன்று அங்கீகரிக்கிறது. அதற்காகத்தான் விழா, பொன்னாடை, பந்தல், அமைச்சர், சேறு எல்லாம். மசணன் இதற்கென்றே கீழ்மத்தூரில் ஒரு கோட்டு தைத்திருந்தார். தையற்காரன் கை நீளத்தை எங்கிருந்து அளந்தானோ, கோட்டுக்குள்ளிருந்து மசணனின் விரல் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன.

விழா முடிந்ததும் ஒரு தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்டினாள். "சார், இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சீங்க. பேசாம அரசு நம்பரையே வாங்கி மாட்டியிருக்கலாம்ல?"

"மாட்டினா என்ன ஆகும் தெரியுமாம்மா? உங்க நம்பர் மாட்டின வண்டியோட கடிவாளம் உங்க சாலைமூளை மெஷின் கையில. எங்க திருப்பணும், எங்க நிக்கணும், அதுதான் சொல்லும். அந்த வண்டி எந்த ரோட்டுல ஏறுதோ அந்த ரோடும் அதோட ரோடு. இன்னிக்கு என் ஜீ... என் வண்டி ஏறும். நாளைக்குத் தாது லாரி ஏறும். அப்புறம் மலையை எங்க தேடுவே?"

"மாட்டாம இருந்தா?"

"மாட்டாம இருந்தா சாலைமூளைக்கு நாங்க கண்ணுக்குத் தெரிய மாட்டோம்."

அதை அவர் கோட்டைத் தடவிக்கொண்டு சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அடிவார முக்கில் அவர்களுடைய ஒரே மகன் ஓட்டிவந்த ஜீப்பை, ஆளில்லாத லாரி ஒன்று வேகம்கூடக் குறைக்காமல் கடந்து போனது. ஊடாகக் கடந்து போனது. லாரி முதலாளியிடமிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது: எங்கள் பதிவின்படி பாதை காலியாக இருந்தது, எங்கள் லாரி எதன்மீதும் மோதவில்லை. தெருவில் நடந்துபோகிற மனிதனை, நாயை, ஆட்டுக்குட்டியை எல்லாம் சாலைமூளை பார்க்கும். ஆனால் அங்கீகாரமில்லாத வண்டி அதன் கணக்கில் வண்டியே இல்லை. இல்லாத வண்டிக்குள் ஒரு பையன் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்?

அதனால் மசணன் வழக்குப் போட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. கோட்டு விஷயம் வேறு.

*

வழக்கில் அரசு வக்கீல் நுணுக்கமான ஒரு கேள்வியைக் கிளப்பியிருந்தார். வண்டிக்குத் தங்கள் மொழியில் ஒரு சொல்லே இல்லாத மக்கள், வண்டிகளைப் பதிவு செய்யும் அதிகாரத்தை எங்கிருந்து பெற்றார்கள்? அதிகாரம் மரபிலிருந்து வர வேண்டும், மரபு சொல்லிலிருந்து வர வேண்டும் என்றார். நீதிமன்றம் யோசித்தது. யோசித்து, பேராசிரியர் அறவாழி என்கிற மொழியியல் அறிஞரை மலைக்கு அனுப்பியது.

மன்றம் என்பது ஒரு தகரக் கொட்டகை. அன்று நல்ல மழை. பேராசிரியர் பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "உங்கள் மொழியில் வண்டிக்கு என்ன சொல்?" என்று கேட்டார்.

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மழை கொட்டகைமேல் தடதடத்தது. மசணன் விரலிடுக்கில் பீடியும் உள்ளங்கையில் தீப்பெட்டியுமாக, அரசு விருந்தாளி எதிரில் பற்றவைக்கலாமா கூடாதா என்று நெடுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தேரு" என்றார்.

பேராசிரியர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "தேரு! ஆஹா! எத்தனை தலைமுறையாக?"

"எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் காலத்துலேருந்துங்க."

"அப்போது சக்கரம் இருந்ததா இங்கே?"

"சொல்லு இருந்துச்சுங்க. சக்கரம் பின்னாடிதான் வந்துச்சு."

பேராசிரியருக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துக் கெம்பி டீத் தூக்கோடு உள்ளே வந்தாள். பேராசிரியர் வெளியே மழையில் நின்ற ஜீப்பைக் காட்டி, "அம்மா, அது பேர் என்னம்மா?" என்றார்.

"அதா? ஜீப்பு."

மசணன் தொண்டையைச் செருமினார். "பொம்பளைங்க அந்தச் சொல்லை வாயால சொல்லக் கூடாதுங்க. எங்க வழக்கம். புருஷன் பேரைச் சொல்லாத மாதிரி."

கெம்பி தூக்கைக் கீழே வைத்தாள். தங்கள் மொழியில் புருஷனிடம், "இன்னும் என்னென்ன நான் சொல்லக் கூடாது, எல்லாத்தையும் இப்பவே சொல்லிரு. நாளைக்கு மறந்து எதையாவது சொல்லித் தொலைக்கப் போறேன்" என்றாள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் பேராசிரியர் ஆவலாக.

"வெக்கமா இருக்குதாம்."

பெண்கள் உச்சரிக்காத அந்தச் சொல்லைப் பற்றிப் பேராசிரியர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதற்கு அயல்நாட்டில் ஒரு விருது கிடைத்தது. வழக்கும் ஜெயித்தது. ஆளிமலையாரின் வண்டிகளை, அவர்கள் மொழியில் அவர்கள் வைத்த பெயரிலேயே சாலைமூளை அங்கீகரிக்க வேண்டும். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

ஒரு எழுத்தைப் பற்றித்தான் விழாவுக்கு முந்தின வாரம் ஒரு போன் வந்தது. பேசியது சாலைமூளை இயக்ககத்து இணை இயக்குநர் செண்பகவல்லி. களைத்த குரல்.

"சார், ஒரு சின்ன சிக்கல். எங்க சிஸ்டத்துல ஏற்கெனவே 'தேர்'னு ஒரு வகை இருக்கு. கோயில் தேர். நீங்க குடுத்திருக்கறது 'தேரு'. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கோயில் தேருக்கு உண்டான விதியெல்லாம் உங்க ஜீப்புக்கும் வந்துரும். நான் சத்தமில்லாம 'இலகுரக வண்டி'ன்னு போட்டுறட்டுமா?"

மசணன் எழுந்து நின்றுகொண்டார். போனில் பேசுகிறவருக்கு அது தெரியாது என்றாலும் நின்றுகொண்டார். "அம்மா, எங்க ஆத்துக்குப் பேரை மாத்தினீங்க. எங்க மலைக்குப் பேரை மாத்தினீங்க. என் பேரையே பள்ளிக்கூடத்துல மதனகோபால்னு எழுதினாங்க. மிச்சம் இருக்கறது இந்த ஒரு சொல்லு. இதையும் மாத்தணுமா உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். இல்லேன்னா இன்னொரு வழி இருக்கு. அந்தச் சொல் எங்களுது இல்லை, தவறுதலா குடுத்துட்டோம்னு ஒரு வரி சொல்லிட்டீங்கன்னா..."

சொன்னால் தீர்ப்பு போகும். தீர்ப்பு போனால் பலகை போகும். பலகை போனால் மறுபடியும் லாரி. மசணனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அதை அவர் சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று வாயில் வந்தது.

"உசுரே போனாலும் சொல்ல மாட்டேன்."

யாருடைய உயிர் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

*

விழா முடிந்த ஐந்தாம் நாள் மழையோடு காற்று பலமாக அடித்தது. அமைச்சரும் மசணனும் கைகுலுக்குகிற பெரிய பிளெக்ஸ் ஒன்றைக் கொட்டகைக் கூரைமேல் கட்டியிருந்தார்கள். ஒரு மூலை அவிழ்ந்து படபடத்தது. விறகு நனைகிறது, அந்தப் பிளெக்ஸையாவது அவிழ்த்து மேலே போடலாம் என்று கெம்பி கூரையில் ஏறினாள். பாதி அவிழ்த்திருப்பாள். காற்று பிளெக்ஸை நிமிர்த்தி அவள் முகத்தில் அறைந்தது. தகரம் வழுக்கியது. கீழே கல் கட்டிய வாய்க்கால் விளிம்பில் இடது விலா பட விழுந்தாள்.

முதலில் சிரித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள். "மந்திரி அடிச்சுப் போட்டுட்டாரு" என்றாள். அரை மணி நேரத்தில் உதடு வெளுத்துவிட்டது.

மலை நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மசணனை வெளியே கூட்டிப்போனாள். "மண்ணீரல் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டிருக்கு. பெரியாஸ்பத்திரில இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வயித்தைத் திறந்தா பிழைச்சுக்குவாங்க. இங்க என்னால ஒண்ணும் முடியாது. தோள்ல தூக்கிட்டு ஓடினா தாங்காது, படுக்க வெச்சே கொண்டு போங்க."

கீழ்மத்தூர் ஆஸ்பத்திரி மலை இறங்கி ஒன்பது கிலோமீட்டர். மொத்தமாக ஒரு மணி நேரம். ஜடையன் ஜீப்பை எடுத்தான். கெம்பியின் தம்பி மகன், மலையிலேயே கைதேர்ந்த ஓட்டுநர். பின்னால் மெத்தை விரித்துக் கெம்பியைப் படுக்க வைத்தார்கள். மசணன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். கோட்டை மறக்காமல் போட்டுக்கொண்டிருந்தார். அங்கீகாரம் வந்த பிறகு மலை வண்டி ஒன்று சமவெளிக்கு இறங்குவது அதுதான் முதல் தடவை.

அடிவாரத்தில் மண் ரோடு முடிந்து சாலைமூளையின் ரோடு தொடங்குகிறது. முன்பெல்லாம் அந்த இடத்தில் ஓர் ஆள் இறங்கிப்போய், லாரி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டினால்தான் ஜீப் ஏறும். அன்று ஜடையன் நேராக ஏற்றினான். ரோட்டோரக் கம்பத்திலிருந்து இனிமையான பெண் குரல் வந்தது.

"திருத்தேர் எண் ஆளி ஏழு. வருக, வருக."

மசணனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "கேட்டியா கெம்பி? நம்மளை வருகன்னு சொல்லுது! ரெண்டு தடவை!"

"கேட்டேன். சீக்கிரம் போகச் சொல்லு" என்றாள் கெம்பி கண்ணை மூடிக்கொண்டே.

அங்கீகாரத்தோடு அரசு ஜீப்புக்குள் பொருத்தியிருந்த பெட்டி 'டிக்' என்றது; இன்ஜின் நின்றது. ஜடையன் சாவியைத் திருகினான். ஒன்றும் இல்லை. அந்தி மங்கிக்கொண்டிருந்த நேரம். ரோட்டில் எதிரே எரிந்த விளக்குகள் ஒவ்வொன்றாக, ஆஸ்பத்திரி இருந்த திசை வரைக்கும், வரிசையாக அணைந்துகொண்டே போயின.

"இயந்திரத்தால் தேர் இழுப்பது விதிமீறல்" என்றது குரல். "பாதுகாப்பு கருதித் தேரோடும் பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது. தேர் நிலைக்கு வந்த பின் வழங்கப்படும். பக்தர்கள் வடம் பிடிக்கவும்."

"மாமா, என்ன சொல்லுது இது?" என்றான் ஜடையன்.

மசணனுக்குப் புரிந்துவிட்டது. கோட்டுப் பையில் போனைத் தேடினார்.

எதிரிலும் பின்னாலும் வந்த வண்டிகள் அத்தனையும் நின்றுவிட்டன. ஜீப்புக்குப் பின்னால் ஒரு தாது லாரி, நாற்பதடி தள்ளி, பக்தியோடு நின்றது. மசணன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது, தேர் வருகிற பாதையில் வண்டிகளுக்கு அனுமதியில்லாததால் ரயில்வே கேட்டருகே நிற்கிறது, தேர் நிலைக்குப் போனதும் வரும் என்று பதில் வந்தது.

கரண்ட் போன வீடுகளிலிருந்து ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். கம்பத்துக் குரல் அவர்களுக்கும் கேட்டிருந்தது. ஒரு பெரியம்மா அரிக்கேன் விளக்கோடு ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் கண்ணு, என்ன சாமிங்க இது?"

"சாமி இல்லீங்க! எங்க அத்தை!" என்று கத்தினான் ஜடையன்.

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "அத்தையம்மனாம்" என்றாள்.

அதற்கப்புறம் எதையும் நிறுத்த முடியவில்லை. நெல் அரவை மில்லிலிருந்து ஒரு வடக்கயிறு வந்தது. இளவட்டங்கள் முன் பம்பரில் கட்டினார்கள். நூறு பேர் பிடித்து இழுத்தார்கள். ஜீப் நகர்ந்தது. மசணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உசுருக்குப் போராடறாங்க, வேகமா இழுங்க சாமீ!" என்று கும்பிட்டார். ஜனங்கள் நல்லவர்கள், வேகமாகவே இழுத்தார்கள். உடனே பிரேக் தானாக இறுகி ஜீப் முக்கிக்கொண்டு நின்றது.

"தேர் மிகை வேகம். முட்டுக்கட்டை இடப்பட்டுள்ளது. நிதானமாக இழுக்கவும்."

நிதானமாக இழுத்தார்கள். முக்குக்கு முக்கு ஒரு மண்டகப்படி என்று சாலைமூளையே கணக்கு வைத்திருந்தது; சாமி நின்று பூசை வாங்கிக்கொண்டு போகிற இடம். ஒவ்வொன்றிலும் சக்கரம் பூட்டிக்கொண்டது. ஒவ்வொன்றிலும் தேங்காய் உடைந்தது. யாரோ ஒருத்தி உள்ளே கைவிட்டுக் கெம்பியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி மாலையை அவள் மார்மேல் போட்டாள். கற்பூரப் புகை ஜீப்புக்குள் நிறைந்து கெம்பி இருமினாள். இருமலில் வலி தாங்காமல் முனகினாள். "அம்மன் வாக்குச் சொல்லுது" என்றது கூட்டம். தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று ஒருவர் கேட்டார்.

"நல்லாத்தான் இழுக்கறாங்க" என்றாள் கெம்பி மெல்ல. "மந்திரி காரை நான் தள்ளினேன்ல. கடன் தீருது."

மசணன் செண்பகவல்லிக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் முதல் மணியிலேயே எடுத்தார். திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"சார், என் கையால வகையை மாத்த முடியாது. ஒரு எழுத்தையும் மாத்தக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா நீங்க சொல்லலாம். அந்தச் சொல் எங்களுது இல்லைன்னு வாயால ஒரு தடவை சொல்லுங்க, இங்க பதிவாயிரும். அடுத்த நிமிஷமே அங்கீகாரம் ரத்து. இன்ஜின் உங்க கைக்கு வந்துரும்."

"பின்னாடி லாரி நிக்குதேம்மா."

"தெரியும் சார்."

"அது?"

"அதுக்கு அப்புறம் நீங்க தெரிய மாட்டீங்க. கயித்தைப் பிடிச்சிருக்கறவங்க தெரிவாங்க. உங்க ஜீப் தெரியாது."

ஜடையன் முன் சீட்டிலிருந்து திரும்பினான். "சொல்லு மாமா! இன்ஜின் பிடிச்ச அடுத்த விநாடி ஒரே மிதி. சந்துல பூந்து வெட்டிட்டுப் போயிருவேன். இந்த லாரிகளை நான் பாக்காததா?"

"சொல்லிரு" என்றாள் கெம்பி. "ஜீப்புன்னு சொல்லிரு. போலாம்."

மசணன் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். மகனைக் கடந்துபோன லாரியின் முகமே அதற்கும் இருந்தது. அப்படியே தட்டையான, கண்ணில்லாத முகம். பிறகு பக்கவாட்டில் பார்த்தார். ஜன்னலையொட்டி இருபது முப்பது செல்போன்கள் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. விழாவுக்கு வந்த தொலைக்காட்சிப் பெண் எங்கிருந்தோ ஓடிவந்து மைக்கை உள்ளே நீட்டினாள். "சார், இந்த நேரத்துல உங்க மொழியைப் பத்தி என்ன சொல்ல விரும்பறீங்க?"

பின்னாளில் காரணம் கேட்டவர்களிடமெல்லாம் மசணன் லாரியைத்தான் சொன்னார். லாரியும் பொய்யில்லை.

"அது எங்க சொல்லுதாம்மா" என்றார் போனில். குரல் கம்பீரமாகவே வந்தது. "எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் சொல்லு."

"சரிங்க சார்" என்றார் செண்பகவல்லி.

கெம்பி கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள். குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

"அப்போ நான் அதைச் சொல்லக் கூடாது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் சொல்லவில்லை.

*

ஆஸ்பத்திரி வாசலுக்குத் தேர் வந்தபோது நாடி இருந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். டாக்டர் இளம்பெண், கையுறை போட்டுக்கொண்டு தயாராகத்தான் நின்றாள். ஆஸ்பத்திரி இருட்டாக இருந்தது.

"ஜெனரேட்டரைப் போடுங்க!" என்று அவள் கத்தினாள்.

"போட்டா நின்னுருது மேடம். வாசல்ல தேர் நிக்குதாம். சாலைமூளை விட மாட்டேங்குது."

டாக்டர் படிக்கட்டுக்கு ஓடிவந்தாள். "யாருங்க இந்த ஜீப்பைக் கொண்டாந்தது? எடுங்க! முதல்ல இங்கிருந்து எடுங்க இதை!"

நூறு பேரும் கயிற்றைப் பின்பக்கம் மாற்றிக் கட்டி இழுத்தார்கள். சக்கரம் அசையவில்லை.

"திருத்தேர் பின்னோக்கி இழுக்கப்படுவதில்லை" என்று வாசல் கம்பம் விளக்கியது. "ரத வீதிகளைச் சுற்றி நிலையை அடையவும்."

நிலை என்பது தேர் வழக்கமாக நிற்கிற இடம். பதிவில் ஆளி ஏழின் நிலை மலைமேல் மன்றக் கொட்டகை. மசணன்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. கெம்பியை உள்ளே விட்டுவிட்டு, மசணனும் ஜடையனும் ஊராரும் சேர்ந்து ஜீப்பை ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த நான்கு தெருவிலும் இழுத்தார்கள். மூன்றாவது தெருவில் ஒரு மண்டகப்படி. அங்கே சுண்டல் கொடுத்தார்கள். உள்ளே டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் வயிற்றைத் திறந்தாள். ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற கருவிக்குக் கரண்ட் வேண்டும். துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நாலாவது தெரு திரும்புமுன் கெம்பி செத்துப்போனாள்.

மறுநாள் மதியம் ஜீப் கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் கீழ்மத்தூரில் கரண்ட் வந்தது. இரவெல்லாம் புழுங்கிக் கிடந்தவர்கள் கைகொட்டினார்கள். பிணத்தை அதே கயிற்றில், அதே ஜீப்பில்தான் கொண்டுவந்தார்கள். அம்மன் மலையேறுகிறாள் என்று வழிநெடுகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அமைச்சர் இரங்கல் தெரிவித்தார். அங்கீகாரத்துக்குத் தன் உயிரையே தந்த வீரப் பெண்மணி என்றார். ஜீப் முதலில் நின்ற இடத்தில் அத்தையம்மனுக்கு ஒரு மேடை கட்டினார்கள். செவ்வாய், வெள்ளி கூட்டம் தாங்கவில்லை. பேராசிரியர் அறவாழி வந்து படம் எடுத்துப்போனார்.

மழைக்காலம் முடிந்ததும் கோயில் சொத்துகளைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்திலிருந்து ஒருவர் மலைக்கு வந்தார். பெயர் வேதமூர்த்தி. மரியாதையான மனிதர். கெம்பி விழுந்த வாய்க்காலைத் தாண்டிக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்து டீ குடித்தார். ஜடையன் வாசலில் நின்றான். மாமனோடு அவன் பேச்சுவார்த்தை அந்த நாலாவது தெருவோடு நின்றுபோயிருந்தது.

"சட்டப்படி ஒரு விஷயங்க" என்றார் வேதமூர்த்தி. "தேருன்னு பதிவானா அது கோயில் சொத்து. உங்க ஒன்பதும் இனிமே எங்க பொறுப்பு. தேர் நிக்கிற இந்த நிலையும் கோயில் இடம். அடிவாரத்துலேருந்து இங்க வரைக்கும் தேரோடும் வீதி. அரசு ரோடு. அதைச் சாலைமூளையில சேர்த்தாச்சு."

"அரசு ரோடுன்னா எந்த வண்டியும் வரலாமா?" என்றார் மசணன்.

"வரத்தானுங்க ரோடு."

கீழே, மண் ரோடு தொடங்குகிற இடத்தில், தட்டை முகத்தோடு லாரிகள் வரிசை கட்டியிருந்தது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. வேதமூர்த்தி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வந்ததிலிருந்து அந்த மனிதருக்கும் மனசு கேட்கவில்லை.

"ஐயா, நானே சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன். அந்தச் சொல் எங்களுது இல்லைன்னு நீங்க இப்பச் சொன்னாலும் போதும். எல்லாம் ரத்தாயிரும். ரோடும் போயிரும். லாரி திரும்பிப் போயிரும். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

வாசலில் ஜடையன் நிமிர்ந்தான்.

மசணன் கோட்டுப் பையில் கைவிட்டுப் பீடியை எடுத்தார். நாற்பது வருஷமாக ஒரே கடையில் வாங்குகிற அதே தீப்பெட்டி. குச்சியைக் கிழித்தார். இந்தத் தடவை விருந்தாளி எதிரில் பற்றவைக்க யோசிக்கவில்லை. புகையை விட்டார்.

"எங்க சொல்லுதாங்க" என்றார்.

வேதமூர்த்தி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் முதல் லாரி ஏறியது.

ஆளிமலையில் எல்லாரும் அதை ஜீப்பு என்றுதான் சொல்வார்கள். தேரு என்பது, பேராசிரியர் கேட்ட அன்று மசணன் கையில் இருந்த தீப்பெட்டியின் மார்க்.